எதற்கென்று சொல்லாதே

மூன்று நாட்களாகப் பிரபாகரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

தலையில் பட்டுத் துண்டு கட்டியிருந்தான். கையில் சீர்த்தட்டு. வாய் பாதி திறந்திருந்தது. அவனுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக நிற்க, மேளக்காரரின் குச்சி மேளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

ராசிங்காபுரத்தில் அக்கா பொன்னுமணியின் மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது, தாய்மாமன் சீரோடு அவன் போய் இறங்கிய காட்சி அது. சரியாக அந்த இடம் வந்ததும் அவன் மனைவி சுசித்ராவின் பழைய கம்ப்யூட்டர் நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் மறுபடியும் அதே வாசல், அதே திறந்த வாய்.

"இன்னுமா ஆத்தா அவனை உள்ள கூப்பிடல?" என்றார் மாமனார் காசிமாயன், காபி டம்ளரோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று. "சீர் கொண்டாந்தவனை வாசல்லயே நிறுத்தி வச்சா ஊர் என்ன பேசும்?"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் படம் முடிந்தாக வேண்டும்.

பொன்னுமணியின் கணவர் பால்சாமி ராணுவத்தில் இருக்கிறார். மகளின் காதுகுத்துக்கு லீவு கேட்டார், கிடைக்கவில்லை. அவர் இருக்கும் மலை முகாமில் போனில் பேசுவதே பெரிய பாடு. வீடியோவெல்லாம் போய்ச் சேராது. அவரோடு வேலை பார்க்கும் சின்னமனூர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலேறுகிறார். அவர் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டால் போதும், மகள் மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டதை அப்பா பார்த்துவிடுவார். இதை விட்டால் அடுத்து எவர் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

பொன்னுமணி தேனியிலிருந்து வீடியோக்காரரை வரச்சொல்லத்தான் இருந்தாள். வெளியாள் எதற்கு மதினி, நான் இருக்கிறேன் என்று சொன்னவள் சுசித்ரா. வாய்விட்டுச் சொன்னாள். பந்தியில் பத்துப் பேர் கேட்கச் சொன்னாள்.

சும்மா சொல்லவில்லை. மூன்று வருடமாகக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவள்தான் படமெடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிறாள். ஆனால் இந்த முறை இரண்டு போன்களில் எடுத்துவிட்டாள். இரண்டும் புதுப் போன்கள். படம் அவ்வளவு துல்லியம். அந்தத் துல்லியம்தான் பழைய கம்ப்யூட்டரின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது.

இந்த மூன்று நாளும் பிரபாகரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, இன்று லீவு சொல்லியிருப்பதாகவும், தேனிக்குப் போய்ப் புதுசு ஒன்று பார்த்துவிட்டு வரலாம் என்றும் சொன்னான்.

சுசித்ராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன வாங்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். கல்லூரியில் உடன் படித்த சந்திரவல்லி கோயம்புத்தூரில் கல்யாண வீடியோக்கள் எடிட் செய்கிறாள். ஒரு மணி நேரம் போனில் அவளைப் படுத்தியெடுத்துக் கேட்டு வைத்திருந்தாள். மடிக்கிற வகை வேண்டாம், மேஜைக்கு அடியில் வைக்கிற பெட்டி வகைதான் வேண்டும். மெமரி பதினாறுக்குக் குறையவே கூடாது. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் காசைக் கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான் என்று சந்திரவல்லி சொல்லியிருந்தாள்.

பஸ் போடியைத் தாண்டியதும் பிரபாகரன் குரலைத் தாழ்த்தினான்.

"கடையில நீ வாயைத் தொறக்காத."

"ஏன்?"

"எதுக்கு வாங்குறோம்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா விலையை ஏத்திருவாங்க."

அவன் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சரக்குப் பார்த்து வாங்குபவன். ஏல மையத்தில் ஒவ்வொரு லாட்டு மூட்டைக்கும் சின்னச் சின்னப் பாக்கெட்டில் சாம்பிள் வரும். தட்டில் கொட்டிப் பார்ப்பான். பச்சை மாறாமல், பருமனாக, நல்ல காய் வந்து விழுந்தாலும் முகம் மாறக் கூடாது. மாறினால் பக்கத்து நாற்காலிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். அவனும் ஏலம் கேட்கிற பட்டனை அழுத்துவான். விலை ஏறும். பன்னிரண்டு வருடமாக அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறான். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

சுசித்ராவுக்கு அந்த முகத்தைத் தெரியும். அவன் அதை ஏல மையத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

கல்யாணமான புதிதில் மீன் குழம்பு வைத்தாள். எப்படி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அதே முகத்தோடு வந்து நின்றான். பையனை எதிர்பார்த்திருப்பான் போல என்று அவள் இரவெல்லாம் அழுதாள். அன்று மாலையே அவன் தெரு முழுக்க வீடு வீடாக மிட்டாய் கொடுத்தான் என்பது ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு ராமுத்தாய் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

தேனிக் கடையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சிவரஞ்சனி என்று பெயர் குத்தியிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம்.

"என்ன யூஸுக்கு சார் பாக்குறீங்க?"

பிரபாகரன் கூரையைப் பார்த்தான். "சும்மாதான். வீட்ல ஒண்ணு கெடக்கட்டும்னு. பிள்ளை பாடம் பாக்கும்."

சிவரஞ்சனி அவர்களை மடிக்கணினிகள் அடுக்கியிருந்த பக்கம் அழைத்துப் போனாள். எதிர்ப் பக்கச் சுவரோரம் கறுப்புப் பெட்டிகள் நின்றன. கண்ணாடிக்குள் விசிறிகள் நீல வெளிச்சத்தோடு சுழன்றன. சுசித்ராவின் கண் அங்கேயே போனது. பிரபாகரன் அதைக் கவனித்தான். நகர்ந்து வந்து, அந்தப் பக்கம் தெரியாதபடி அவள் முன்னால் நின்றுகொண்டான்.

மெலிதான ஒன்றின் திரையில் அருவி ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர்கள் காட்டுவதற்கென்றே போட்டு வைக்கும் படம். பாறையில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. பிரபாகரன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தான். விரல் நகத்தால் ஒரு பட்டனை, காயை உரித்துப் பார்க்கிற மாதிரி, நெம்பிப் பார்த்தான். பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டான். சிவரஞ்சனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இதுல மெமரி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள் சுசித்ரா.

"எட்டு மேடம்."

"பதினாறு இருந்தாத்தான் வீடியோ..."

அவள் கால் விரலின் மேல் அவன் செருப்பு ஏறியது. "வீடியோ பாக்குறதுக்கு. அவ்வளவுதான்," என்றான் பிரபாகரன்.

"பாக்குறதுக்கு இதுவே தாராளம் சார்," என்றாள் சிவரஞ்சனி. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

விலையைக் கேட்டதும் பிரபாகரன் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தான். அவன் தொழிலில் அது ஒரு முறை. வாங்கப் போகிறவன் முதலில் எழுந்து போக வேண்டும். சுசித்ரா பின்னாலேயே ஓடினாள். எதிரே டீக்கடை நிழலில் வைத்து, எட்டு போதவே போதாது, மடிக்கிற வகையே நமக்கு ஆகாது என்று சந்திரவல்லி சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, கரண்டு போனால் பெட்டி வகை அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், இதில் பேட்டரி இருக்கிறது என்றான். அருவி எப்படி ஓடியது என்று பார்த்தாய் அல்லவா என்றான். சாம்பிள் எப்படியோ அப்படித்தான் மூட்டையும் இருக்கும், அப்படி இல்லையென்றால் யாரும் வியாபாரமே செய்ய முடியாது என்றான்.

"தெனமும் ஏலத்துல கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

ஏலத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருப்பது உண்மைதான். விலை ஏற்றுவதற்கு அதில் ஒரே ஒரு பட்டனை அழுத்துவான். அதைச் சொல்ல அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, இன்று அவனாக வந்து கூப்பிட்டிருக்கிறான். லீவு போட்டிருக்கிறான். வெயிலில் நிற்கிறான். அதையும் பேசிக் கெடுத்துக்கொள்வானேன் என்று தோன்றியது. அருவியும் நன்றாகத்தான் ஓடியது. ஒருவேளை போதுமாக இருக்கலாம்.

அவள் செய்த தப்பு அதுதான்.

அடுத்து இன்னொரு கடைக்குப் போனார்கள். அங்கே அவன் சொன்ன காரணம் ஏலக்காய்க் கணக்கு எழுத என்பது. அந்தக் கடைக்காரர் முன்னதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். அதையும் எடை பார்த்துவிட்டு, முதல் கடைக்கே திரும்பி வந்து, வேண்டா வெறுப்பாகப் பேசி, விலையைக் குறைத்து, ஒரு பையும் மவுசும் சும்மாவே வாங்கிவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தான். அவனிடமிருந்து வரக்கூடிய அதிகபட்ச சந்தோஷம் அது. சுசித்ரா மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, போடி மலையில் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்தபடி வந்தாள்.

காசிமாயன் பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். மதியச் சாப்பாட்டைக்கூட நினைக்காமல் சுசித்ரா படங்களை எல்லாம் ஏற்றினாள்.

மேளக்காரரின் குச்சி இறங்கியது. வாசலில் நின்றவன் உள்ளே நுழைந்தான். சுசித்ரா கை தட்டிவிட்டாள். மாமனார் எட்டிப் பார்த்து, "வந்துட்டானா? வாடா அப்பு," என்று திரையைப் பார்த்து வரவேற்றார்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் நிலைத்தது.

இரண்டாவது போனில் எடுத்ததைப் பக்கத்தில் சேர்த்தாள். படம் விக்கியது. பாட்டைச் சேர்த்தாள். பாட்டு முன்னே போக, ஆட்கள் பின்னால் வந்தார்கள். சேலைகளின் நிறத்தைச் சரி செய்யப் போனாள். திரை ஒருமுறை வெளுத்தது. எல்லாம் தானாகவே மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது. படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். துண்டு துண்டாக வெட்டித் தனித்தனியாகச் செய்து பார்த்தாள். மின்விசிறியை இழுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். புதுக் கம்ப்யூட்டர் தோசைக்கல் மாதிரி சுட்டது. நான்காவது முறை மூடிக்கொண்டபோது காசிமாயன் இருமிக்கொண்டு சொன்னார்:

"முன்னாடி வாசல்லயாவது நின்னான். இப்ப ஆளையே காணோமே ஆத்தா."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் சுசித்ரா. இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுமணி போன் செய்தாள். சின்னமனூர்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் டிக்கெட் உறுதியாகவில்லையாம். மதுரையிலிருந்து நாளை இரவு ரயிலுக்குத்தான் கிடைத்ததாம்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருமா சுசி? உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிட்டேன், படம் வருதுன்னு. நேத்து லைன் கெடைச்சப்ப, பாப்பா அழுதாளான்னு கேட்டாக. படத்துல பாத்துக்கங்கன்னேன்."

முடிந்துவிடும் மதினி என்று சொல்லிவிட்டு சுசித்ரா போனை வைத்தாள்.

பிரபாகரன் கதவோரம் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"கடையில நல்லா ஓடுச்சே," என்றான்.

"அது யாரோ ஆக்கி வச்ச சோறுங்க. எடுத்துச் சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும். நான் இனிமேதான் ஆக்கணும். எனக்கு அடுப்பு வேணும்."

அவன் முகம் தட்டில் சாம்பிளைக் கொட்டிய நேரத்து முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று அறுந்தது.

"ஏலத்துல மூஞ்சியை மூடிக்கங்க. அது உங்க பொழப்பு. எனக்குன்னு ஒண்ணு வாங்கப் போன எடத்துலயும் மூடணுமா? எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை சொல்ல விட்டீங்களா? காலை மிதிக்கிறீங்க. விலையைக் கொறைச்சீங்க, சரி. சாமான் எனக்கு ஆகாமப் போச்சு."

"சத்தம் போடாத. அப்பா இருக்காரு."

"கேக்கட்டும்."

அவள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூட ஆரம்பித்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அவன் திடுக்கிட்டான். அவனுக்குத் தெரிந்த வியாபாரத்தில் அதைவிட அவமானம் கிடையாது. ஏலம் எடுத்த மூட்டையைச் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோனவனை அடுத்த நாள் யாரும் மதிப்பதில்லை. பார்க்கத் தெரியாமல் எடுத்தவன் என்று பெயர் வந்துவிடும். அதைத்தான் அவன் திக்கித் திக்கிச் சொன்னான்.

"உங்களுக்கு அவமானமா இருந்தா வர வேண்டாம். நான் போறேன்," என்றாள் சுசித்ரா.

பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைப் பார்த்துக்கொள்ளும்படி கொல்லைப்புறத்தைப் பார்த்துச் சொன்னாள். போய்ட்டு வா ஆத்தா என்று அங்கிருந்து குரல் வந்தது. காசிமாயன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பஸ் நிலையத்தில் தேனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் காலை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு கை பெட்டியை வாங்கிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிரபாகரன் பின்னாலேயே ஏறினான். தேனி வரும்வரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

சிவரஞ்சனி பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினாள். ஓடவில்லையா என்று கேட்டாள்.

பிரபாகரன் தொண்டையைச் செருமினான். அவன் ஆரம்பிப்பதற்குள் சுசித்ரா பேசினாள். காலையிலிருந்து பல்லைக் கடித்து உள்ளே வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. நான் வீடியோ எடிட் பண்றேன். ரெண்டு போன்ல எடுத்த படம். ஒண்ணோட ஒண்ணு சேர்க்கணும், கலர் மாத்தணும், பாட்டுப் போடணும். மெமரி பதினாறு வேணும், கிராபிக்ஸ் கார்டு தனியா வேணும், பெட்டி வகைதான் வேணும். நாளைக்குச் சாயங்காலம் படம் மதுரையில ஒருத்தர் கைக்குப் போகணும்.

சிவரஞ்சனி இமைக்காமல் கேட்டாள்.

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமேக்கா. நான் லேப்டாப் பக்கமே கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனே."

சுசித்ரா கணவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

சிவரஞ்சனி உள்ளே போய் யாருக்கோ போன் போட்டுப் பேசினாள். விலை கூடியதை எடுப்பதால் மாற்றிக்கொள்ளலாம், பெட்டியைப் பிரித்ததற்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள் என்று வந்து சொன்னாள். சுவரோரம் நின்ற கறுப்புப் பெட்டியின் திரையில் அதே அருவியைப் போடப் போனாள்.

"அது வேண்டாம்," என்றாள் சுசித்ரா. கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். "என் படத்தைப் போடுங்க."

இரண்டு போன்களின் படமும் பக்கம் பக்கமாக ஓடியது. விக்கவில்லை. சுசித்ரா நின்றபடியே குனிந்து வெட்டினாள், நகர்த்தினாள், நிறத்தை மாற்றினாள். அவள் கை சொன்ன இடத்துக்கெல்லாம் படம் போனது. சீர் உள்ளே வந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது.

திரை முழுக்கப் பிரபாகரனின் முகம் வந்தது. குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பட்டுத் துண்டின் நுனியால் குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே நுனியால் தன் கண்ணையும் துடைத்தான்.

சிவரஞ்சனி திரைக்கு அருகில் வந்து நின்றாள்.

"அதை வெட்டிரு," என்றான் பிரபாகரன் மெதுவாக.

"வெட்ட மாட்டேன். பால்சாமி அண்ணன் பாக்க வேண்டியதே இதுதான்."

அவன் கைக்குட்டையைத் தேடினான்.

இதையே எடுத்துக்கொள்கிறோம் என்று சுசித்ரா சொன்னபோதுதான் சிவரஞ்சனி தயங்கினாள். இது வேறு ஒருவருக்குப் பேசி முடித்த பெட்டியாம். நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வார்களாம். இதே மாதிரி இன்னொன்று இவர்களுடைய மதுரைக் கடையில் இருக்கிறது. ஆனால் தேனிக்கு அடுத்த லோடு வருவது திங்கட்கிழமைதான்.

திங்கட்கிழமை. சுசித்ரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒரு வார்த்தை பேசியிருந்தால், இன்றைய லோடிலேயே மதுரையிலிருந்து அது வந்துகூடச் சேர்ந்திருக்கும். அரை நாளை இரண்டு கடை ஏறி இறங்கித் தொலைத்தாயிற்று.

பிறகு அவளாகவே எழுந்தாள். மதுரைக் கடையில் பணம் கட்டி, அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை செய்ய விடுவார்களா என்று கேட்டாள். சிவரஞ்சனி மறுபடி போன் போட்டாள். விடுவார்கள் என்றாள். கடை திறக்கும்போது போனால் சாயங்காலம் வரை நேரம் இருக்கும். முடித்து நேராக ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

"நாளைக்கு ஏலம் இருக்கு," என்றான் பிரபாகரன். மறுப்பாகச் சொல்லவில்லை. சும்மா சொல்லிப் பார்த்துக்கொண்டான். வெளிநாட்டு ஆர்டருக்கு நாளைதான் சரக்கு எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவன் அவன்.

"தெரியும். நான் தனியாப் போய்க்கிறேன்."

"அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிட்டு?"

"ஆட்டோ இருக்கு, பஸ்சு இருக்கு."

அவன் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. முதலாளி. வழக்கம்போல வாசல்வரை போனான். கண்ணாடிக் கதவில் கை வைத்தவன் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து அவள் எதிரிலேயே நின்று எடுத்தான். கடையில் இரைச்சல் இல்லாததால் அந்தப் பக்கத்துக் குரலும் தெளிவாகக் கேட்டது. காலையில் வெரசா வந்துவிடச் சொன்னார். நாளை சாம்பிள் அதிகம் என்றார்.

"நாளைக்கு நான் வர முடியாதுண்ணே."

யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று முதலாளி கேட்டார்.

அக்காவுக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் திறந்ததை சுசித்ரா பார்த்தாள். சிவரஞ்சனியும் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். சுசித்ரா அவனுக்கு எடுத்துக் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. என் வீட்டுக்காரி வீடியோ எடிட் பண்றா. அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். மதுரைக்குப் போய் எடுக்கணும். அவ படம் நாளைக்கு முடியணும்."

முதலாளி சிரித்தார். ஏதோ வேடிக்கை என்று முதலில் நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு நின்றது.

"பொம்பளை விளையாட்டுக்கு ஏலத்தை விட்டுட்டுப் போறியா பிரபாகரா?"

பிரபாகரனின் முகம் சிவந்தது. காது நுனி வரை சிவந்தது. மறைக்க அவன் கையைத் தூக்கவில்லை.

"விளையாட்டு இல்லண்ணே. அது அவ சோலி."

முதலாளி போனை வைத்துவிட்டார். பிரபாகரன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, காலையில் மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சுசித்ராவிடம் கேட்டான்.